குதிக்கால் நோவும் முதல் மரதனும்

விடிய ஐந்து மணிக்குக் கட்டிலில் இருந்து இறங்கிச் சீமெந்துத் தரையில் முதல் அடி வைத்தபோது, வலது குதிக்காலின் உட்பக்கத்தில் ஆணி ஏறியது போல இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் நோ பாதியாகிவிட்டது. பல்லுத் தீட்டி முடிய, இல்லாமலே போய்விட்டது. அதனால் அன்றும் ஓடப் போனேன். அடுத்த மூன்று கிழமையும் அப்படித்தான் ஓடினேன்.

ஒக்டோபரில் கொழும்பில் முதல் மரதன் ஓடுவதென்று சித்திரையில் பயிற்சி தொடங்கியிருந்தேன். 42.195 கிலோமீற்றர் என்ற எண் எந்நேரமும் மனதுக்குள் நின்றது. கிழமைக்கு 20 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தவன், ஒரே மாதத்தில் அதை 45 ஆக்கினேன். அதிலும் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில். இரண்டு பக்கமும் கடல், காலடியில் தார், மண்டைதீவை நோக்கித் திரும்பினால் முகத்தில் அறைகிற சோழகம். அந்தக் காற்றுக்கு எதிராக முன்பாதத்தை ஊன்றித் தள்ளித் தள்ளி ஓடினால் கெண்டைக்கால் கயிறு போல இறுகிவிடும். சப்பாத்தும் தேய்ந்திருந்தது.

அம்மா செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கலம் இலை வைத்து மிதிக்கச் சொன்னார். மிதிக்கும்போது நல்ல சுகமாக இருந்தது. மறுநாள் விடிய அதே ஆணி. பிறகு ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குதியில் எலும்பு வளர்ந்திருக்கிறது, இனி ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார்கள். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

என்னோடு ஓடுகிற அண்ணை ஒருவர்தான் ஒரு பிசியோ மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் குதியின் உட்பக்கம் பெருவிரலால் அழுத்தினார். நான் துள்ளியதைப் பார்த்து, "இது பிளான்டர் பசியைட்டிஸ். அந்த எலும்பு நோவே இல்லாத ஆக்களுக்கும் இருக்கும், அதை நினைச்சுப் பயப்பிடாதேங்கோ. நீங்கள் தூரத்தைக் கெதியாக் கூட்டிப்போட்டியள்" என்றார். குதி எலும்பில் இருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அதில் வருகிற நோதான் இது. இரவில் கால் அசையாமல் கிடக்க அந்தப் பட்டை விறைத்துப்போகும். அதனால்தான் காலையில் முதல் அடி உயிர் போகிறது, நடக்க நடக்கக் குறைகிறது.

அவர் தந்த பயிற்சி ஒன்றே ஒன்று. துவாயைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால்விரல்களை மடித்து ஏற்றி, ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்த வேண்டும். மூன்று செக்கனில் ஏறி, இரண்டு செக்கன் நின்று, மூன்று செக்கனில் இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 தடவை, மூன்று சுற்று. இரண்டு கிழமை போக, முதுகில் புத்தகப் பையைக் கொழுவிப் பாரம் கூட்டச் சொன்னார். குசினிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்வேன். எட்டாவது தடவைக்கு மேல் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கும்.

வீட்டுக்குள்ளும் செருப்போடு திரியச் சொன்னார். பிறந்ததில் இருந்து வெறுங்காலோடு நடந்த வீடு. அம்மாவுக்கு அது மனதுக்குச் சரிவரவில்லை. ஆனால் மூன்றாம் நாள், கடையில் தடித்த இறப்பர்ச் செருப்பு வாங்கி வந்து என் கட்டிலடியில் வைத்தவரும் அவர்தான்.

நல்லூர்த் திருவிழா வந்ததும்தான் கவலைப்பட்டேன். இருபத்தைந்து நாளும் போகிறவன் நான். கோயிலடியில் செருப்போடு நிற்க முடியுமா? மிஸ்ஸிடம் கேட்டேன். "மணலிலை நடக்கலாம், கனநேரம் நிக்காதேங்கோ" என்றார். வெயில் ஏறுமுன் காலைப் பூசைக்குப் போய், வீதி மணலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். தேருக்கு மட்டும் கூட நேரம் நின்றேன். மறுநாள் காலைக்கு அது தெரிந்தது.

ஓட்டத்தை அவர் முற்றாக நிறுத்தவில்லை. மூச்சுக்குப் பலாலி வீதியில் சைக்கிள், காலுக்கு முற்றவெளிப் புல்லில் ஐந்து நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு காலையும் முதல் அடியின் நோவைப் பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். மூன்றைத் தாண்டினால் அன்று ஓட்டமில்லை. ஆனி கடைசியில் 7 என்று எழுதியிருக்கிறேன். ஆவணி நடுவில் 4, தேருக்கு அடுத்தநாள் 6, புரட்டாதியில் 2. இறங்கி ஏறி இறங்கித்தான் வந்தது. 6 எழுதிய அன்று கொப்பியை மூடிவிட்டு அழுதேன்.

செப்டெம்பரில் முழு மரதனை விட்டு, பெயரை அரை மரதனுக்கு மாற்றினேன். அந்த முடிவு எடுக்க நாலு நாள் பிடித்தது, மனம் நன்றாக நொந்தது. ஒக்டோபரில் 21.1 கிலோமீற்றரையும் நடக்காமல் ஓடி முடித்தேன். மறுநாள் காலை கொப்பியில் எழுதியது 2.

முழுத்தூரம் அடுத்த வருடம். இப்போது கிழமைக்கு 32 கிலோமீற்றர், அதையும் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் கூட்டுகிறேன். இன்று காலை எழுதியது 0. துவாய் இன்னும் குசினிப் படியில்தான் கிடக்கிறது.