துந்திராவின் வேர்ப்பூஞ்சைகள்

அலாஸ்காவில் புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, மரங்கள் வளராத உறைநிலமான துந்திராவில் உள்ள டூலிக் ஆய்வுக் களத்தில், என் கோடைக்காலப் பணியின் பெரும்பகுதி மண்ணிலிருந்து வேரைப் பிரித்தெடுப்பதிலேயே கழிகிறது. ஆகஸ்டு மாதத்திலும் அங்கே ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்துக்குத்தான் நிலம் இளகும். எஃகுக் கம்பியை அழுத்தினால் கொஞ்சதூரம் தடையின்றி இறங்கி, உறைபனியில் முட்டி நின்றுவிடும்.

செடிகளுக்குக் குளிரைவிடப் பெரிய இடையூறு தழைச்சத்தான நைட்ரஜனின் தட்டுப்பாடு. மண்ணில் நைட்ரஜன் இல்லாமல் இல்லை. மக்காத பாசியிலும் செத்த வேர்களிலும் சிக்கிக் கிடக்கிறது. நொதிகளைச் சுரந்து அதை விடுவித்துச் செடிக்குக் கொண்டுசேர்ப்பவை வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளே. குட்டை பிர்ச் என்னும் புதரின் வேரை நீரில் அலசி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், நுனிகள் தடித்து, பூஞ்சை உறை போர்த்தியிருப்பதைக் காணலாம். சில நுனிகள் வெண்மையாகவும், சில கன்னங்கறுப்பாக, விறைத்த இழைகள் துருத்திக்கொண்டும் இருக்கும். லிங்கன்பெரி என்னும் சிறு பழச்செடியின் மிக நுண்ணிய வேர்களிலோ பூஞ்சை செல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும், சாயம் ஏற்றினால்தான் கண்ணுக்குப் புலப்படும். பருத்திப்புல் மட்டும் இந்த உறவு இல்லாமலே பிழைக்கிறது: ஆண்டுதோறும் புதிய வேர்களை விட்டு, பனி இளக இளகக் கீழே இறங்கி, அமினோ அமிலங்களைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்த உறவின் அளவை 2006இல் ஜான் ஹாபியும் எரிக் ஹாபியும் நைட்ரஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் நைட்ரஜன் அணுவகைகளை) கொண்டு இங்கேயே மதிப்பிட்டார்கள். செடிகளில் உள்ள நைட்ரஜனில் 61 முதல் 86 சதவீதம் வரை வேர்ப்பூஞ்சை வழியே வந்தது. அதற்குக் கூலியாக, ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கார்பனில் 8 முதல் 17 சதவீதத்தைச் செடிகள் பூஞ்சைக்குக் கொடுத்திருந்தன. இடுக்கியால் ஒவ்வொரு நுனியாகப் பிரிக்கும் வேலையில் எனக்குச் சலிப்பு வராததற்கு இந்த எண்களே காரணம்.

1981 முதல் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உரமாக இடப்பட்டுவந்த பாத்திகளைப் பற்றி 2004இல் வெளியான முடிவு இன்னும் கவலைக்குரியது. இருபது ஆண்டுகளில் பிர்ச் புதர் ஓங்கி வளர்ந்தது. ஆனால் ஆழ்மண்ணின் மட்கு வேகமாகச் சிதைந்ததால், செடிகள் சேர்த்ததையும் மிஞ்சி, சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ கார்பனை அந்நிலம் இழந்தது. மேலே தெரிந்த பசுமையை மட்டும் அளந்திருந்தால் இதை நேர்மாறாகவே புரிந்துகொண்டிருப்போம். வடபுல உறைநிலங்களில் வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய இருமடங்கு கார்பன் இருக்கும்போது, அப்படி ஒரு பிழை சிறியதாக இருக்காது.

வெப்பம் கூடக்கூடப் பிர்ச் பரவுகிறது. ஒரு பிர்ச்சிலிருந்து இன்னொன்றுக்குப் பூஞ்சை இழைகள் வழியே கார்பன் போவதும் இங்கே கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே, புதர்ப் பரவலைச் செயற்கைக்கோள் படங்களில் அளப்பவர்கள் அதே பாத்திகளிலிருந்து மண்மாதிரியும் வேர்நுனிகளும் எடுத்தாக வேண்டும் என்று ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் வலியுறுத்திவருகிறேன்.