மேற்படி

"நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்."

இதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நம்பிச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா, பேச்சு முடிந்தால் போதும் என்று சொன்னாரா? பத்து வருடமாக மூன்று விதமாகவும் எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றுமே பொருந்துகின்றன.

சரக்கு என்னவோ ஆறு பண்டல் குழந்தைக் கவுன்கள்தான். 2015 தீபாவளிக்காக ஈரோட்டிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு கடைக்காரர் ஒருவருக்கு வந்தது. நவம்பர் 4ஆம் தேதி புக்கிங், 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலூர் முதுநகரில் எங்கள் லாரி ஆபீஸ் குடோனில் இறங்கியது. தீபாவளி 10ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. எடுக்க யாரும் வரவில்லை. பண்டிகை முடிந்தபின் வந்த கவுன், தாலி கட்டி முடிந்த பந்தலுக்கு வந்து சேர்ந்த வாழைமரம் மாதிரி. யாருக்கும் வேண்டாம், தூக்கிப் போடவும் மனம் வராது.

அனுப்பியவர், "லாரியில் ஏற்றியதோடு என் வேலை முடிந்தது, பணத்தைக் கொடுங்கள்" என்றார். வாங்கியவர், "பண்டிகைச் சரக்கு பண்டிகைக்கு என் கைக்கு வரவில்லை, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். டிசம்பர் முழுவதும் இருவரும் மாற்றி மாற்றி எனக்குப் போன் செய்தார்கள். நேரடியாகப் பேசிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். ஈரோட்டுக்காரருக்கு அவருடைய ஆடிட்டர் சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவருக்கு அனுப்பச் சொல்லி லாரிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டால், மேலோட்டமாக அது வாங்குபவரிடமே ஒப்படைத்த கணக்கு. எடுத்துக்கொள்ளச் சொல்லியும் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், நஷ்டத்தையும் பாதுகாத்து வைத்த கூலியையும் வாங்குபவரே தர வேண்டும். ஆடிட்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் "எடுத்துக்கொள்ளச் சொல்லியும்" என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறது. வழக்கு மொத்தமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரோட்டுக்காரர் எல்.ஆரை, அதாவது லாரி ரசீதை, கடைக்காரருக்குக் கூரியரில் அனுப்பியிருந்தார், மழையில் அது 12ஆம் தேதிதான் அவரிடம் வந்து சேர்ந்தது. ஆக, கடைக்காரருக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்.

சொன்னேனா?

அன்று சாயங்காலம் ஒரே வண்டியில் நானூறு உருப்படிக்கு மேல் இறங்கியது. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை லாரி ஆபீஸ் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபக்கம் மேஸ்திரி கூலித் தகராறு, மறுபக்கம் பட்டாசுக் கடைக்காரர்களின் நச்சரிப்பு. எங்களிடம் இருந்த எல்.ஆர். நகலில் உள்ள கடைக்காரர் எண்ணுக்கு ஒருமுறை போட்டேன், தொடர்பு கிடைக்கவில்லை. அப்புறம் போடலாம் என்று அடுத்த எண்ணுக்குப் போனேன். இது நிச்சயம். அப்புறம் போட்டேனா என்பதில்தான் என் நினைவு எனக்குச் சாதகமாக வேலை செய்யப் பார்க்கிறது. போட்டதாகச் சில நாள் தோன்றும். போடவில்லை.

இரவு பத்து மணிக்கு ரிஜிஸ்டர் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'தகவல்'. முதல் வரியில் "போனில் சொல்லப்பட்டது" என்று எழுதினேன், அது உண்மை. அதன் கீழே வரிசையாக மேற்படி, மேற்படி, மேற்படி. ஒருமுறை பேனா அந்த ஓட்டத்தில் இறங்கிவிட்டால் பக்கத்தின் அடியில்தான் நிற்கும். ஆறு பண்டல் கவுனுக்கு நேரேயும் மேற்படிதான். பொய் எழுத வேண்டும் என்று நினைத்து எழுதியதல்ல. அந்தக் கட்டத்தில் ஒரு பொய்ச் சொல்கூட இல்லை, மேலே இருக்கிற உண்மையைப் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தச் சமாதானத்தை நான் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனது. சமாதானம் என்று எப்படித் தெரிந்தது என்றால், யாரிடமும் உரக்கச் சொல்ல முடியவில்லை.

8ஆம் தேதி மழை பிடித்தது. 9ஆம் தேதி புதுச்சேரி பக்கத்தில் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையமும் விசூரும் வெள்ளத்தில் என்ன ஆயின என்பது ஊருக்கே தெரியும். அந்த வாரத்தில் ஆறு பண்டல் கவுனை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். டிசம்பரில் மறுபடி மழை, மறுபடி வெள்ளம். தார்ப்பாய் போட்டு, பலகை மேல் ஏற்றி, குடோனில் ஒரு பண்டலும் நனையாமல் பார்த்துக்கொண்டோம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

2016 ஜனவரி 11ஆம் தேதி இருவரையும் ஆபீசுக்கே வரவழைத்தேன். கம்பெனி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமான வழி வைத்திருக்கிறது. தகவல் கொடுத்து முப்பது நாளாகியும் எடுக்காவிட்டால் கேட்பாரற்ற சரக்கு. பிறகு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப் பதினைந்து நாள் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் பொது ஏலம். அந்த வழியில் போகாமல் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைத்த நல்ல மனிதன் என்று இரண்டு பேரும் என்னை நினைத்தார்கள். எனக்கு வேறு காரணம் இருந்தது. ஏலத்துக்கு நோட்டீஸ் போட்டால் முதல் தகவல் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும்.

ஈரோட்டுக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரவு பஸ்சில் வந்த முகம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' சேர்த்து, என்னை அண்ணா என்று கூப்பிட்டார். ஒரு பண்டலைப் பிரிக்கச் சொன்னார். கோணித் தையலை மேஸ்திரி ஊசியால் நெம்பி எடுத்தார். இளஞ்சிவப்பு நெட் துணி, கழுத்தில் பிளாஸ்டிக் முத்து. நெட்டில் குடோன் வாடை ஏறியிருந்தது. அவர் ஒரு கவுனை எடுத்து, முதுகுப் பக்கத்துக் கொக்கியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், துரு ஏறவில்லை. பிறகு முத்துக்களை ஒன்றுவிடாமல் விரலால் தடவி எண்ணுகிற மாதிரி பார்த்தார். மடிப்பு கலையாமல் திருப்பி வைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வயது தாண்டியவர், கோபக்காரர் என்று பெயர். ஆனால் குரலை உயர்த்தாமல் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எனக்குத் தகவல் வந்ததா?"

வந்ததா என்று கேட்டார், சொன்னீர்களா என்று கேட்கவில்லை. இதையும் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தனக்கு வந்ததா என்பது தனக்குத் தெரியாதா? அதை ஏன் என்னிடம் கேட்க வேண்டும்?

நான் வாயைத் திறக்கவில்லை. ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி, வரியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மேற்படியைப் பார்த்தார். விரலை வைத்து மேலே போனார். மேற்படி, மேற்படி, மேற்படி. பக்கத்தின் தலை வரைக்கும் போய், "போனில் சொல்லப்பட்டது" என்ற இடத்தில் விரல் நின்றது. அது வேறு கடைக்காரருடைய பெயருக்கு நேரே இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

அதன்பின் எல்லாம் பத்து நிமிடம். 84,600 ரூபாய் பில்லுக்கு 62,000, மூன்று தவணை. லாரி வாடகை கடைக்காரர் பொறுப்பு. ஐம்பத்தொன்பது நாளுக்கான டெமரேஜ், அதாவது எடுக்காமல் குடோனில் கிடந்ததற்கான கட்டணம், 3,540 ரூபாயை மழையைக் காரணம் காட்டி எழுதி நான் தள்ளுபடி வாங்கித் தந்தேன். ஈரோட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்தில் யார் அண்ணா இப்படி விட்டுக்கொடுப்பார்கள்" என்றார். கம்பெனிப் பணத்தில் நான் செலுத்திய அபராதம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருவரும் ஒன்றாகச் சேர்ந்து கம்பெனி மேல் பாய்ந்திருப்பார்கள். எல்.ஆரின் பின்பக்கம் பொடி எழுத்தில் கம்பெனி எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று ஒரு பட்டியலே இருக்கும், அதைக் காட்டி வருடக்கணக்கில் இழுத்திருப்பார்கள். தையல்காரர்களுக்குக் கூலி பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு 62,000 ரூபாய் அந்தத் தை மாதத்தில் கிடைத்திருக்காது. இது உண்மையான வாதம், இன்றைக்கும் நான் இதைக் கைவிடவில்லை. ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. கடைக்காரர் பணம் கொடுத்ததற்குக் காரணம், தப்பு தன் பேரில் என்று ஒப்புக்கொண்டது. அப்படி ஒப்புக்கொள்ளும்படி நான் ஒரு கட்டத்தைத் திருப்பிக் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லாரிக் கம்பெனி மேல் சரக்கு நஷ்டத்துக்கு வழக்குப் போட வேண்டுமானால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்தால் வந்த நஷ்டம் அதில் சேருமா என்பது வக்கீல்கள் பாடு. நான் சேரும் என்றே வைத்துக்கொண்டு, காலண்டரில் 2016 மே 2 வரை நாள் எண்ணினேன். மனசாட்சி உள்ளவன் நாள் எண்ணுவானா?

பிற்பாடு மேஸ்திரி ஒருநாள் டீக்கடையில் சொன்னார். தீபாவளி நெருங்கினால் அந்தக் கடைக்காரர் போனை அணைத்துவிடுவாராம், கடன் கொடுத்தவர்கள் தொல்லை. அப்படியானால் நான் பத்து முறை போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. அவர் ரிஜிஸ்டரைப் பார்த்து எதிர்க் கேள்வி கேட்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இதைக் கேட்ட அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் வேறு ஒன்று உறைத்தது. முதுநகரிலிருந்து லாரன்ஸ் ரோடு எவ்வளவு தூரம்? லோடுமேன் பையன் ஒருவன் தினமும் அந்தக் கடை வாசல் வழியாகத்தான் சைக்கிளில் வீட்டுக்குப் போவான். போகிற வழியில் சொல்லிவிட்டுப் போடா என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சனிக்கிழமை காலையில் கவுன்கள் கடையில் தொங்கியிருக்கும். ஆனால் ஞாயிறு முதல் கொட்டிய மழையில் யார் வந்து வாங்கியிருப்பார்கள் என்று உடனே மனம் மறுபக்கம் தாவும். இப்படித்தான் பத்து வருடமாகத் தாவிக்கொண்டிருக்கிறது.

அந்த ரிஜிஸ்டர் இப்போது இல்லை. நான் ஓய்வு பெற்ற வருடம் பழையதையெல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று முன்பு சில முறை தோன்றியதுண்டு. எடை போட்ட அன்று, கிழித்து நாமே வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடைக்காரர் போன் செய்தார். மகன்கள் இருவருக்கும் கடையைப் பிரிப்பதில் தகராறாம். ஸ்டாக் கணக்கில் ஒருவனை ஒருவன் நம்பவில்லையாம். "நீங்கள் வந்து நடுவில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள் ஐயா, நீங்கள் எழுதினால் பையன்கள் கேட்பார்கள்" என்றார். மறுபடி அதே குரல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.