எண்ணாகச் சொல்லுங்கள், இடம் தருகிறேன்

எங்கள் கல்வி நிறுவனத்தின் வளாகத் திட்டக் குழுக் கூட்டத்தில் நூலகப் பொறுப்பாளரிடம் நான் சொன்ன பதில்தான் தலைப்பில் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் அது பதிவாகவில்லை. கட்டடங்களும் எழுந்துவிட்டன. எனக்குத்தான் அது இன்னும் உறுத்துகிறது.

நடுவில் இருந்த பழைய கட்டடத்தை இடித்தபின் அந்த மனை யாருக்கு என்பதுதான் பேச்சு. தொலைநோக்கு ஆவணத்தின் முதல் பக்கத்தில் விழுமியங்கள்: சமத்துவம், துறை கடந்த உரையாடல், எல்லோருக்கும் திறந்த கல்வி. மூன்றாம் பக்கத்தில் இலக்குகள்: முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கை, ஆய்வகப் பரப்பு, வெளியிலிருந்து திரட்ட வேண்டிய ஆய்வு நிதி. இலக்குகளுக்கு எண் உண்டு, கெடு உண்டு. விழுமியங்களுக்கு இரண்டும் கிடையாது. நான் போட்ட வரைபடத்தில் ஆய்வகத் தொகுதி நடுவில் இருந்தது. எல்லாத் துறை மாணவர்களும் வந்து உட்காரும் பொது வாசிப்புக் கூடம் வடக்கு ஓரத்துக்கு, வாகன நிறுத்தத்தை ஒட்டிப் போயிருந்தது.

அவர் கேட்டார்: "சார், முதல் பக்கத்தில் இருப்பது ஓரத்துக்கும் மூன்றாம் பக்கத்தில் இருப்பது நடுவுக்கும் எப்படி வந்தது?"

எண்ணாகச் சொல்லுங்கள், இடம் தருகிறேன் என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. இத்தனை பேருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று வந்தால்தான் வரைபடத்தில் ஒரு கட்டம் போட முடியும். "உரையாடல்" என்ற சொல்லுக்குச் சுவர் எங்கே எழுப்புவது? தவிர, ஆய்வகத்துக்கு அதிர்வில்லாத தரை வேண்டும், நச்சுக்காற்றை வெளியேற்றும் குழாய்கள் வேண்டும், கூடுதல் மின்சாரம் வேண்டும். பழைய இணைப்புகள் எல்லாம் நடுவில்தான் இருந்தன. ஓரத்துக்குக் கொண்டுபோனால் செலவு கூடும்.

ஆனால் அதே ஆய்வகத்துக்குத்தான் வாயு உருளைகளும் சரக்கு வண்டிகளும் வரும். மாணவர்கள் நடமாடும் நடுப்பகுதியில் அவை வேண்டாம், ஓரமே சரி என்றும் இதே நான் வாதாடியிருக்க முடியும். அப்படியென்றால் முடிவைத் தீர்மானித்தது தொழில்நுட்பம் இல்லை. முடிவு ஏற்கெனவே எனக்குள் இருந்தது. காரணங்கள் அப்புறம் வந்து சேர்ந்தனவோ என்னவோ.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1817இல் அடிக்கல் நாட்டி, 1825இல் வகுப்புகள் தொடங்கிய இடம். அதை நிறுவி வடிவமைத்த தாமஸ் ஜெஃபர்சன் புல்வெளியின் தலைப்பகுதியில், அந்தக் காலத்தில் தேவாலயம் எதிர்பார்க்கப்படும் இடத்தில், நூலகத்தை வைத்தார். இரு பக்கமும் பேராசிரியர் இல்லங்கள் பத்து. இடையிடையே மாணவர் அறைகள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழ்ந்தே கற்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த அமைப்பிலேயே படித்துவிடலாம். நூலகப் பொறுப்பாளர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் அந்த வளாகத்தைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு பெரும்பங்கு. அவர்கள் வேலை செய்ததும் தங்கியதும் நிலவறைகளிலும் தோட்டச் சுவர்களுக்குப் பின்னாலும். அதுவும் விழுமியம்தான், யாரும் முதல் பக்கத்தில் எழுதாத விழுமியம். நடுவில் நூலகம் இருப்பதாலேயே ஒரு வளாகம் நேர்மையானது என்று சொல்லிவிட முடியாது. இதை நினைக்கும்போது கொஞ்சம் ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் அதே நாட்டின் ஓரிகன் பல்கலைக்கழகம். 1970களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவரது குழுவும் அங்கே நிலையான ஒரே வரைபடம் வேண்டாம், கொள்கைகள் போதும் என்றார்கள். இடத்தைப் பயன்படுத்துபவர்களே திட்டமிடுதலில் பங்கேற்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்கே பணத்தையெல்லாம் கொட்டாமல், சிறிது சிறிதாக வளர வேண்டும். அந்த முறையில் நூலகப் பொறுப்பாளரின் கேள்வி திட்டத்தின் தொடக்கத்திலேயே வந்திருக்கும். எங்கள் கூட்டத்தில் வரைபடம் முடிந்த பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நான் வகுக்கவில்லை. ஆனால் "ஆவணத்தில் முரண் இருக்கிறது, நீங்களே வரிசைப்படுத்திக் கொடுங்கள்" என்று குழுவிடம் திருப்பித் தந்திருக்கலாமா? தந்திருந்தால் கெடு தவறியிருக்கும், வேறொருவர் இதே வரைபடத்தைப் போட்டிருப்பார். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பாதிதான் நம்புகிறேன்.

இப்போது ஆவணத்தைத் திருத்துகிறார்கள். விழுமியங்களுக்கும் பரப்பளவு குறிக்க வேண்டும், பொது வாசிப்பு இடம் மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறேன். நூலகப் பொறுப்பாளரும் அதில் கையெழுத்திட்டார். ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அடுத்த நிதி நெருக்கடியில் அதைப் பாதியாகக் குறைப்பதும் சுலபம். ஆய்வகப் பரப்பை அப்படிக் குறைத்து நான் பார்த்ததில்லை. வாசிப்புக் கூடத்தைக் குறைக்கச் சொன்னால் அந்தத் தாளும் என் மேசைக்குத்தான் வரும்.