ஹப் மோட்டாரும் மிட் டிரைவும் ஒரே மலைப்பாதையில்

நண்பர்கள் நாங்கள் மூவர் மூன்று மின்மிதிவண்டிகளில் ஒரே மலைப்பாதையை ஏறுவதென்று முடிவு செய்தபோது, மூன்று வண்டிகளின் விவரக் குறிப்பிலும் 250 வாட் என்ற ஒரே எண்தான் அச்சிடப்பட்டிருந்தது. பேட்டரிகளும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 500 வாட்-மணி. மோட்டாரின் வகையும் அது உட்கார்ந்திருந்த இடமும் மட்டும்தான் வேறுபட்டன. ஒன்றில் பின்சக்கரத்தின் மையத்தில் பல்சக்கரம் எதுவும் இல்லாத நேரடி ஹப் மோட்டார் இருந்தது. இரண்டாவதில் அதே இடத்தில், உள்ளே சிறு பல்சக்கரங்களைக் கொண்ட கியர் ஹப் மோட்டார். மூன்றாவதில் பெடல் அச்சைச் சுற்றிப் பொருத்தப்பட்டு, வண்டியின் செயின் வழியாகவே தன் விசையைச் செலுத்தும் மிட் டிரைவ்.

அந்த 250 வாட் என்ற எண்ணை நம்பி வண்டி வாங்குகிறவர்கள் பலர் என்பதால் அதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஒரு மின்மிதிவண்டி சாதாரண மிதிவண்டியாகக் கருதப்பட வேண்டுமானால் அதன் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்கு மிகக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் உதவி நின்றுவிடவும் வேண்டும். இது தொடர்ந்து இயங்கும்போது தாங்கும் அளவே தவிர, உச்ச அளவு அன்று. ஏற்றத்தில் சிறிது நேரத்துக்கு இதைப்போல் இரு மடங்கு தருகிற மோட்டார்களும் இதே எண்ணைத்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆகவே, மலையேற நினைப்பவர் விவரக் குறிப்பில் வாட் எண்ணைத் தாண்டி முறுக்குவிசை, அதாவது அச்சைச் சுழற்றும் விசை, எவ்வளவு, அது எந்த இடத்தில் அளக்கப்பட்டது என்பதைத் தேட வேண்டும்.

சமவெளியில் ஓடிய முதல் பகுதியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூன்று வண்டிகளும் 20 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே ஓடின. பேட்டரி காட்டியிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உண்மையில், சமதளத்தில் ஹப் மோட்டாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சக்கரம் வேகமாகச் சுழல்வதால் மோட்டார் தனக்கு உகந்த வேகத்தில் இருக்கிறது. செயினுக்கும் பல்சக்கரங்களுக்கும் மோட்டாரால் தேய்மானம் இல்லை. நேரடி ஹப் மோட்டாரின் அமைதி தனி இன்பம். அதில் உரசும் பல்சக்கரமே இல்லை என்பதால், டயரின் ஓசையும் காற்றின் ஓசையும்தான் கேட்கும். ஒரு குறை மட்டும் உண்டு: மின்சாரத்தை நிறுத்திவிட்டு மிதித்தால், காந்தங்கள் இரும்பு மையத்தை இழுப்பதால் சக்கரம் சற்றுப் பாரமாகச் சுழல்வதைக் கால்கள் உணர்கின்றன. கியர் ஹப் மோட்டாருக்குள் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் அந்த இழுப்பு அதில் இல்லை.

ஏற்றம் தொடங்கியதும் கதை மாறியது. பாதை சுமார் 15 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1000 மீட்டர் உயர்கிறது. சராசரிச் சரிவு 7 சதவீதத்தை ஒட்டியது. நடுவில், கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் பகுதியில், அது 11 சதவீதத்தைத் தொடுகிறது. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் செங்குத்தான இடத்தில் வண்டியை மேலே தள்ளச் சுமார் 120 நியூட்டன் விசை தேவை. 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அது 270 வாட் அளவுக்கு வரும். பயிற்சி மிகுதியாக இல்லாத ஒருவர் நீண்ட ஏற்றத்தில் இடைவிடாமல் தரக்கூடியது சுமார் 100 வாட். மீதமுள்ள 170 வாட்டை மோட்டார் தர வேண்டும். 250 வாட் மோட்டாருக்கு இது எளிய வேலை என்றே தாளில் தோன்றும்.

சிக்கல் சுழற்சி வேகத்தில் இருக்கிறது. 8 கிலோமீட்டர் வேகத்தில் முழு அளவுச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 60 முறைதான் சுற்றுகிறது. சமவெளியில் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே சக்கரம் 190 முறை சுற்றும். நேரடி ஹப் மோட்டார் சக்கரத்தோடு ஒட்டியிருப்பதால் அதுவும் அந்த 60 சுற்றுகளில்தான் உழைத்தாக வேண்டும். மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆனால் கம்பிச் சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. முறுக்குவிசை இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அந்த வெப்பம் சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. பயனுள்ள திறன் மட்டும் வேகத்தோடு குறைந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும்போது ஒரு ஹப் மோட்டார் 150 வாட்டை வெப்பமாக இழக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 150 சுற்றில் அது தரும் பயன் 470 வாட், செயல்திறன் 76 சதவீதம். 60 சுற்றில் அதே வெப்ப இழப்புக்குக் கிடைக்கும் பயன் 190 வாட்டுக்கும் குறைவு. செயல்திறன் 56 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஹப் மோட்டார் மலையில் பலவீனமாவது அதன் வலிமைக் குறைவால் அன்று. பாரம் ஏற்றிய லாரியை மேல் கியரிலேயே வைத்து மலையேறச் சொல்வது போன்ற நிலையில் அது மாட்டிக்கொள்கிறது.

நேரடி ஹப் வண்டியில் இருந்த நண்பர் நான்காவது வளைவில் நின்று, "ஏறத்தான் ஏறுகிறது, ஆனால் கெஞ்சிக்கொண்டு ஏறுகிறது" என்றார். சக்கரத்தின் மையத்தில் கை வைத்துப் பார்த்தோம். தொடர்ந்து வைத்திருக்க முடியாத சூடு. வெளிக்கூடு அப்படியென்றால், உள்ளே கம்பிச் சுருள் இன்னும் சூடாகத்தான் இருக்கும், ஏனெனில் சுருளுக்கும் கூட்டுக்கும் இடையில் காற்றிடைவெளி இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. இந்த இடைவெளியில் காந்தத் திரவத்தை (நுண்ணிய காந்தத் துகள்கள் கலந்த எண்ணெய்) சிறிதளவு செலுத்தி, வெப்பத்தைக் கூட்டுக்குக் கடத்தும் வழக்கம் ஹப் மோட்டார் ஆர்வலர்களிடையே உண்டு. சாதாரண ரக நியோடிமியம் காந்தங்கள் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கக்கூடும் என்பதால், அந்தச் சூட்டை அலட்சியப்படுத்துவதற்கில்லை. நிழலில் ஆறவிட்டுத்தான் கிளம்பினோம்.

கியர் ஹப் மோட்டார் இதைவிடத் தேறியது. அதன் உள்ளே மோட்டார், சக்கரத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. நடுப் பல்சக்கரம் ஒன்றைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் அமைந்த கோள் பல்சக்கர அமைப்பு அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையாக மாற்றுகிறது. அதனால் நேரடி ஹப்பில் பாதி எடை கொண்ட மோட்டாரே அதே ஏற்றத்தில் அதைவிட நன்றாக இழுக்கிறது. ஆனால் அந்த ஐந்து மடங்கு என்பது மாறாத எண். சரிவு 5 சதவீதமானாலும் 12 சதவீதமானாலும் அதே விகிதம்தான். பெரும்பாலான கியர் ஹப்களில் அந்தச் சிறு பல்சக்கரங்கள் நைலானால் ஆனவை. நீண்ட ஏற்றத்தில் சூடேறி மென்மையாகும்போது பற்கள் சிதைவதற்கு வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேர ஏற்றத்தை இது தாங்கும். நாள் முழுவதும் மலையில் கிடப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிட் டிரைவில் ஏறியபோது முதலில் வியப்பாக இருந்தது வேகம் அன்று, அதன் ஒரே சீரான ஓட்டம். பின்பக்கம் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால், வண்டி 8 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் பெடல் நிமிடத்துக்கு 70 சுற்றில் சுழல்கிறது. அதோடு பிணைந்த மோட்டாரும் சமவெளியில் சுழன்ற அதே வேகத்தில்தான் சுழல்கிறது. மோட்டாருக்கு மலை என்பதே தெரிவதில்லை. மலைவண்டிகளில் வரும் பல மிட் டிரைவ்களுக்குக் குறிப்பிடப்படும் 85 நியூட்டன் மீட்டர் என்பது பெடல் அச்சில் அளக்கப்படுவது. முன்னே 38 பற்களும் பின்னே 50 பற்களும் இருந்தால் சக்கரத்தில் அது சுமார் 112 நியூட்டன் மீட்டராகப் பெருகும். பின்னே 11 பற்களில் விட்டுவிட்டால் 25க்கும் குறையும். ஹப் மோட்டாரின் முறுக்குவிசையோ நேராகச் சக்கரத்தில் அளக்கப்படுவது. ஆகவே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். கியர் மாற்றச் சோம்பல்படுகிறவர் கையில் மிட் டிரைவ் வீண். எங்களில் ஒருவர் அதை வாங்கிச் சிறிய பல்சக்கரத்திலேயே ஏற முயன்றபோது, மோட்டார் முனகியது. வேகமும் ஹப் வண்டியின் வேகத்துக்கே இறங்கியது. அழுத்தம் கொடுத்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் சத்தமிட்டுத் துள்ளும். மாற்றும் கணத்தில் காலைச் சற்றுத் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும். மனித விசையும் மோட்டார் விசையும் ஒரே செயின் வழியாகப் போவதால் செயினும் பின்பல்சக்கரங்களும் விரைவில் தேய்கின்றன. செயின் அறுந்துவிட்டால் மோட்டாரும் பயனற்றது. ஹப் வண்டி, விசையை முடுக்கும் பிடி இருந்தால், செயின் இல்லாமலும் வீடு சேரும்.

இப்போது தூரக் கணக்குக்கு வருகிறேன். அந்த 1000 மீட்டர் உயரத்தை 105 கிலோ எடையோடு ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் 286 வாட்-மணி ஆற்றல் செலவாகும். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 320. ஒன்றரை மணி நேரம் 100 வாட் மிதித்தால் அதில் 150 வாட்-மணி நம் கால்களிலிருந்து வருகிறது; மோட்டார் தர வேண்டியது 170. மோட்டார் 80 சதவீதச் செயல்திறனோடு இயங்கினால் பேட்டரியிலிருந்து 210 வாட்-மணி போகும். 55 சதவீதத்தில் இயங்கினால் 310 போகும். அந்த நூறு வாட்-மணி வேறுபாடு சமவெளியில் பத்து கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். எங்கள் பேட்டரி காட்டிகள் மலையுச்சியில் காட்டிய வரிசையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது: மிட் டிரைவில் பாதிக்கு மேல் மிச்சம், கியர் ஹப்பில் பாதிக்குச் சற்றுக் கீழே, நேரடி ஹப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஓட்டியவர்களின் எடையும் கால் வலிமையும் வேறு என்பதால் இதை ஆய்வக முடிவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் மோட்டாரின் மேல் சுமத்தக் கூடாத பங்கும் ஒன்று உண்டு. மிட் டிரைவில் டார்க் சென்சார் இருந்தது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ற உதவியை மட்டும் அது கொடுத்தது. ஹப் வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் சென்சார். அதில் காலை ஒப்புக்குச் சுழற்றினாலும் மோட்டார் முழு உதவியைத் தந்துவிடும், ஓட்டுபவர் தன்னை அறியாமலேயே உழைப்பைக் குறைத்துக்கொள்கிறார், பேட்டரி கரைகிறது. மோட்டார் வகையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் சென்சாரைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஹப், மிட் டிரைவ் என்ற இந்த இரு வழிகளில் ஹப் மோட்டார் வெகு பழையது. பின்சக்கரத்தின் மையத்தில் பல்சக்கரமில்லாத மோட்டாரை வைத்த மிதிவண்டிக்கு ஆக்டன் போல்டன் 1895இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பெடல் அழுத்தத்தை அளந்து உதவும் மிட் டிரைவ் மோட்டாரோடு யமஹா தன் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993இல்.

இறக்கத்தில் நேரடி ஹப்புக்கு ஒரு சிறு பழிவாங்கல் வாய்த்தது. மூன்றில் அது ஒன்றுதான் பிரேக் பிடிக்கும்போது மின்னாக்கியாக மாறிப் பேட்டரியை ஏற்றக்கூடியது. ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் மற்ற இரண்டிலும் சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. மேடுபள்ளமான சாதாரணச் சாலையில் இதனால் மீள்வது 5 முதல் 10 சதவீதம்தான். ஆனால் ஆயிரம் மீட்டர் இறக்கத்தில், மெதுவாக இறங்கினால், நூறு வாட்-மணியை ஒட்டி மீட்க முடியும் என்று கணக்குச் சொல்கிறது. வேகமாக இறங்கினால் அந்த ஆற்றலைக் காற்றே எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயன், பிரேக் கட்டைகள் சூடேறாமல் இருப்பது. மற்ற இரண்டு வண்டிகளும் வளைவுக்கு வளைவு பிரேக் டிஸ்க் காய்ந்த வாடையோடு இறங்க, அது மட்டும் சலனமின்றி இறங்கியது. உச்சியில் தங்கி, பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு இறங்குகிறவருக்கு இந்தப் பயன் கிடைக்காது. நிறைந்த பேட்டரியில் மின்சாரத்தை வைக்க இடமில்லை.

8 சதவீதத்துக்கு மேல் நீளும் சரிவுகள் அடிக்கடி வரும் பாதைகளுக்கு நான் மிட் டிரைவைத்தான் எடுத்துச் செல்வேன். சமவெளியும் எப்போதாவது ஒரு மேடும் என்றால், பராமரிப்புக் குறைவான கியர் ஹப் போதும். ஏற்கெனவே கியர் ஹப் வைத்திருப்பவருக்கு மலையில் ஒரு வழி மிச்சமிருக்கிறது: சக்கரத்தைச் சிறிதாக்குவது. சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டரிலிருந்து 25 ஆகக் குறைந்தால், அதே முறுக்குவிசை தரையில் 40 சதவீதம் கூடுதல் தள்ளுவிசையாகிறது. அதே வேகத்தில் மோட்டாரும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுழன்று, தனக்கு ஏற்ற வேகத்தை நெருங்குகிறது. உச்ச வேகம் குறையும். மலையேறுகிறவருக்கு அது இழப்பே அன்று. எங்கள் கியர் ஹப் நண்பர் தன் மோட்டாரைக் கழற்றி 20 அங்குலச் சக்கரம் கொண்ட மடக்கு வண்டியில் கோத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அதே 11 சதவீத வளைவுகளில் அதை ஏற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.