முகவரியைச் சுட்டியாக்கியபோது பிரிந்துபோன உயிர்மெய்

எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டக் குறிப்புகள் வெறும் உரைக் கோப்புகளாகவே கிடந்தன. அவற்றை இணையப் பக்கங்களாக்கும்போது, உரைக்குள் இருக்கும் முகவரிகளைச் சொடுக்கினால் திறக்கும் சுட்டிகளாக மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பைத்தான் நிரல்மொழியில் பத்து வரியில் முடியும் என்று நினைத்த வேலைக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கி எழுத்து, எண், புள்ளி, சாய்கோடு தொடரும்வரை சேர்த்துக்கொள்ளும் ரெகெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் விதி) ஒன்றை முதலில் எழுதினேன். ஆங்கில முகவரிகள் சரியாக அமைந்தன. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவின் 'தமிழ்' கட்டுரை முகவரியில் 'தம' என்பதோடு நீல நிறம் நின்றுவிட, இகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தைப் பற்றிக்கொண்டு தனியே கருப்பில் நின்றது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ரெகெக்ஸில் 'எழுத்தோ எண்ணோ' என்பதைக் குறிக்கும் பைத்தானின் 'டபிள்யூ' குறி மகரத்தை எழுத்தாக ஏற்கிறது, உயிர்க்குறியையும் மெய்ப்புள்ளியையும் ஏற்பதில்லை. நமக்கு ஓரெழுத்தாக இருப்பது அதற்கு எழுத்தும் ஒட்டுமாகப் பிரிந்து தெரிகிறது என்பதைக் கண்டபோது உண்மையிலேயே வருந்தினேன்.

எனவே எவையெல்லாம் முகவரியில் வரலாம் என்று பட்டியலிடுவதை விட்டு, எவை அதை முடிக்கும் என்று மட்டும் சொன்னேன்: இடைவெளி, மேற்கோள்குறி, கோணஅடைப்பு. வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டால் இறுதியில் வெட்டினேன். விக்கிப்பீடியா முகவரிகளில் பிறை அடைப்பும் வருமாதலால், திறந்த அடைப்பு முகவரிக்குள்ளேயே இல்லாதபோது மட்டும் மூடும் அடைப்பை நீக்கினேன்.

அடுத்த தவறு என் வரிசைமுறையில் இருந்தது. பாதுகாப்புக்காக உரை முழுவதையும் இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லுக்கு ஏற்ப முதலிலேயே மாற்றிவிட்டதால், மேற்கோள்குறி 'குவாட்' என்ற குறிச்சொல்லாகி முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டது. மூல உரையிலேயே முகவரிகளைப் பிரித்தெடுத்து, பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மாற்றிய பின்னரே அது தீர்ந்தது. சொடுக்கினால் நிரலை ஓட்டிவிடும் 'ஜாவாஸ்கிரிப்ட்' என்று தொடங்குபவை எந்நிலையிலும் சுட்டியாகக் கூடாது என்பதால், எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டை மட்டுமே அனுமதித்தேன்.

எஞ்சியது வேற்றுமை உருபு. முகவரியை ஒட்டியே 'இல்', 'ஐ' என்று எழுதுவது நம் வழக்கம்; அதுவும் சுட்டிக்குள் சேர்ந்துவிடும். தமிழெழுத்துகளை % குறிகளோடு மாற்றி எழுதும் விழுக்காட்டுக் குறியீட்டில் உள்ள முகவரியில் 'தமிழ்' என்பதே 45 குறிகளாக நீள்கிறது; அத்தகைய முகவரிக்குப் பின் நேரடித் தமிழெழுத்து வந்தால் அது உருபுதான் என்று கொண்டு அங்கேயே வெட்டலாம். முகவரியே தமிழில் இருந்தால் பிரிக்க விதியில்லை. அவ்வாறான இடங்களைக் கோப்புகளில் நானே தேடி, உருபுக்கு முன் ஓர் இடைவெளி விட்டேன்.