மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

லண்டனில் வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு வரும் எங்கட பெண்கள் பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான். கலியாணம் கட்டி ஹரோவுக்கு வந்து, ஆங்கிலம் கொஞ்சம் வாயில் வரத் தொடங்கியதும் கிடைத்த வேலை அது. ஒரு வீட்டில் அரை மணித்தியாலம், இன்னொரு வீட்டில் கால் மணித்தியாலம், நடுவில் பஸ்சுக்குக் காத்திருப்பு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும் என்பது சட்டம். என் சம்பளத் தாளில் அந்த நேரத்தைக் காணக் கிடைக்கவில்லை. காலையில் ஏழு மணிக்கு வெளிக்கிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினால், தாளில் இருப்பது நாலு மணித்தியாலம்.

அதனால்தான் சுயதொழில் என்று பதிந்து தனியாகச் செய்ய முடிவெடுத்தேன். அதற்கு முதலில் விசா இடம் தர வேண்டும். வாழ்க்கைத்துணை விசாவில் வந்த எனக்குத் தடை இருக்கவில்லை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குச் சுயதொழில் செய்ய ஏலாது. "இருபது மணித்தியாலம் செய்யலாம்தானே" என்பார்கள். அது ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் செய்வதற்கு. ஒரு முதலாளி பொறுப்பெடுத்துத் தரும் ஸ்பொன்சர் விசாவில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களும் அந்த முதலாளியை விட்டுத் தனியாக வீடு பிடித்துச் செய்ய முடியாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கட ஆட்களுக்குள் விலை விழுவதற்கு முதல் காரணமே இதுதான். விசாப் பயம் உள்ள பிள்ளையிடம் பேரம் பேசுவது சுகம். எட்டுப் பவுண் கொடுத்தாலும் வாயைத் திறக்காது.

விசா சரி என்றாலும், சுயதொழில் என்று நாங்கள் சொன்னால் மட்டும் அது சுயதொழில் ஆகிவிடாது. ஒரே குடும்பம், அவர்கள் வைத்த நேரம், அவர்கள் சொன்னபடி வேலை, எனக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியாது என்றால், வரித் திணைக்களம் அதை வேலைக்காரர் உறவாகப் பார்க்கக் கூடும். அப்போது அந்தக் குடும்பம்தான் முதலாளி. குறைந்தபட்சச் சம்பளம், சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் அவர்கள் தலையில். இதைச் சோதித்துப் பார்க்க எச்எம்ஆர்சி என்னும் அந்த வரித் திணைக்களம் இணையத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறது. பராமரிப்புக்கு ஆள் வைக்க உள்ளூர்க் கவுன்சில் குடும்பத்தின் கையில் கொடுக்கும் நேரடிக் கொடுப்பனவில் ஆள் பிடிக்கும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். நான் வேறு வேறு வீடுகள் பார்க்கிறேன், நேரத்தையும் விலையையும் நானே வைக்கிறேன், அதனால் எனக்குச் சிக்கல் இல்லை.

இனி விலை. பலர் செய்வது என்னவென்றால், ஏஜென்சி தந்த சம்பளத்தோடு இரண்டு பவுண் கூட்டிச் சொல்லிவிடுவது. குடும்பத்துக்கும் சந்தோசம், கெயரருக்கும் சந்தோசம். வருடக் கடைசியில்தான் விளங்கும்.

2025 ஏப்ரலில் இருந்து ஒரு வருடத்துக்கு, 21 வயதும் அதற்கு மேலும் உள்ள வேலைக்காரருக்குச் சட்டப்படி குறைந்தது மணிக்கு 12.21 பவுண் என்று இருந்தது. வாரத்துக்கு முப்பத்தேழரை மணித்தியாலம் செய்தால் வருடத்துக்கு 23,800 பவுண் சொச்சம். அதில் 5.6 கிழமை விடுமுறையும் அடக்கம். முதலாளி பென்சனுக்கும் ஒரு பங்கு போடுவார். சுயதொழில் செய்பவருக்கு அந்தக் குறைந்தபட்சமே கிடையாது. அவர் வாரத்தில் அதே முப்பத்தேழரை மணித்தியாலம் உழைத்தாலும், காசு வருவது முப்பதுக்குத்தான். மிச்சம் பயணத்தில், பிள்ளைகளோடு போனில் கதைப்பதில், மருந்துக் குறிப்பு எழுதுவதில், ரசீது அடுக்குவதில் போய்விடும். விடுமுறை, காய்ச்சல், ஆள் இல்லாத இடைவெளி எல்லாம் கழித்தால் வருடத்தில் நாற்பத்தைந்து கிழமை நிற்கும். அப்படியென்றால் 1,350 மணித்தியாலம். 23,800ஐ அதால் பிரித்தால் 17.60. காப்புறுதி, கார், குற்றப் பதிவு பார்க்கும் டிபிஎஸ் சான்று, ஆளைத் தூக்கி நகர்த்தும் பயிற்சி, போன் என்று வருடத்துக்கு 1,800 பவுண் வைத்தால் 19 பவுணுக்குக் கிட்ட வந்துவிடும். பென்சனுக்கு ஒரு சதமும் இன்னும் சேர்க்கவில்லை.

ஆக, மணிக்கு 19 பவுண் வாங்கும் சுயதொழில் கெயரரும் சுப்பர்மார்க்கெட்டில் அடிச் சம்பளத்துக்குத் தட்டு அடுக்குபவரும் ஒரே நிலையில்தான். 14 பவுண் வாங்குபவர் அதற்கும் கீழே. கையில் வரும் தாளைப் பார்த்தால் கூடுதல் போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த வருடம் நான் 22 பவுண் வாங்கினேன்.

மேல் பக்கமும் ஒரு அளவு இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் சங்கமான ஹோம்கெயர் அசோசியேசன் வருடா வருடம் ஒரு அடிவிலை கணக்கிட்டு வெளியிடும். 2025-26க்கு இங்கிலாந்தில் அது மணிக்கு 32.14 பவுண். அதற்குள் ஒஃபிஸ், மேற்பார்வை, ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்பும் ஏற்பாடு எல்லாம் அடக்கம். எனக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் நான் படுத்துவிட்டால் பதிலுக்கு வர ஆளும் இல்லை. இதைக் குடும்பங்களிடம் ஒளிக்காமல் சொல்வேன். ஏஜென்சி விலையையே கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லா மணித்தியாலமும் ஒரே மணித்தியாலம் இல்லை என்பதையும் விலையில் காட்ட வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு வரச் சொன்னால் நான் 11 பவுண் வாங்குவதில்லை, 14 வாங்குவேன். போய்வரும் நேரம் அரை மணித்தியாலத்துக்கும் முழு மணித்தியாலத்துக்கும் ஒன்றுதான். கால் மணித்தியாலத்துக்குப் போவதே இல்லை. அதற்குள் ஒரு மனிசியை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது ஆளையும் அவமதிப்பது. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இரட்டை. தைப்பொங்கலுக்கு? அது எனக்குப் பண்டிகை, வீட்டில் நிற்பேன், அன்று யாருக்கும் விலை இல்லை. இராத் தங்கல் தனிக் கதை. நித்திரை கொள்ளும் இரவுக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மென்கப் என்ற தொண்டு நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விழித்திருந்து வேலை செய்யும் நேரம்தான் கணக்கு. அது வேலைக்காரருக்கான சட்டம் என்றாலும் எல்லாரும் அதை வைத்துத்தான் கதைக்கிறார்கள். நான் ஒரு இரவுக்கு ஒரு தொகை வைத்து, இரண்டு தடவைக்கு மேல் எழும்ப வேண்டி வந்தால் அன்று மணிக்கணக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இவ்வளவும் கணக்கு. ஆட்களோடு கதைப்பது வேறு.

பின்னர் என்னும் இடத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவரைப் பார்க்கிறேன். அவருடைய மகன் போனில் என் பெயரைக் கேட்க முதலே ரேட்டைக் கேட்டார். சொன்னேன். சரி, எப்போது தொடங்கலாம் என்றார். அவ்வளவுதான் கதை.

ரெயினர்ஸ் லேனில் ஒரு தமிழ் வீடு. கோயிலில் தெரிந்த ஒருவர் நம்பர் கொடுத்து, அந்த அக்கா கூப்பிட்டார். போனதும் தேத்தண்ணி, ஊரில் எவடம், ஆற்றை பிள்ளை, அவருக்கு இவர் என்ன முறை என்று அரை மணித்தியாலம். தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, மறதி நோய். விலைக்கு வந்தபோது அக்கா குரலைத் தணித்து, "தங்கச்சி, நீங்களும் எங்கட ஆக்கள்தானே, பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பிறகு பிரிட்ஜைத் திறந்து காட்டினார். "மா எல்லாம் அரைச்சு வைச்சிருக்கிறன். அம்மாவுக்குத் தோசை சுடேக்க, எங்களுக்கும் சேத்துச் சுட்டு வைச்சால் போதும். பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்து சாப்பிடுவினம்." மணிக்குப் பத்துப் பவுண், கையில் தரலாம் என்றார்.

கெட்ட மனிசி இல்லை. வேலைக்கும் போய், தாயையும் பார்த்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தார். ஆனால் நான் அங்கே என்ன செய்யப் போகிறேன் என்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் போய்விட்டது. மறதி நோயில் பிறகு படித்த பாஷை முதலில் கழன்று, தாய்ப் பாஷை மிஞ்சுவது அடிக்கடி நடப்பது. ஏஜென்சி அனுப்பிய பிள்ளை குளிக்க வார்க்கப் போனால் யாரோ அடிக்க வருகிறார்கள் என்று கத்துவாராம். நான் முதல் நாள் போய், சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. கதிரையில் இருத்தி, "மாமி, தலைக்கு எண்ணெய் வைக்கட்டோ?" என்றேன். தலையைக் குனிந்து தந்தார். எண்ணெய் வைத்த தலையோடு ஆர்தான் குளிக்காமல் இருப்பது? தானாகவே எழும்பி வந்தார்.

இதற்குத்தான் விலை. எங்கட ஆட்கள் எங்கட ஆட்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருபக்கமும் ஊறிப்போய் இருக்கிறது. கெயரர்களே கேட்க முதல் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வீட்டில் அவர்கள் வாங்குவதே தமிழ் கதைக்கும், மாமிக்கு எண்ணெய் எப்படி வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒருத்தியைத்தான். வெள்ளைக்காரருக்கு நான் செய்யாத ஒரு வேலை அது. கூடத் தெரிந்ததற்காகக் குறைத்து வாங்குவது எந்தத் தொழிலில் இருக்கிறது?

அக்காவிடம் 22 என்று சொன்னேன். மாமிக்குச் சமையல் அதற்குள். வீட்டாருக்குச் சமையல் என் வேலை இல்லை. முகம் வாடியது. அடுத்ததாக நான் கேட்டது, அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற அரச கொடுப்பனவு எடுக்கிறீர்களா என்று. எடுக்கவில்லை. எங்களுக்கு வீடு இருக்கிறது, தர மாட்டார்கள் என்று நினைத்திருந்தாராம். அது வருமானமோ சேமிப்போ பார்த்துக் கொடுப்பதில்லை. பென்சன் வயதை எட்டியவருக்கு நோயால் அல்லது இயலாமையால் ஆறு மாதமாவது பராமரிப்புத் தேவை இருந்தால் கேட்கலாம், குடிவரவு நிலையும் இடம் கொடுக்க வேண்டும். 2025-26இல் கூடிய தொகை வாரத்துக்கு 110.40 பவுண். என் விலையில் அது ஐந்து மணித்தியாலம். கவுன்சிலின் பராமரிப்பு மதிப்பீட்டுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னேன். இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் சொந்தச் செலவு, ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பராமரிப்புக்கு அவர் இருக்கும் வீட்டின் பெறுமதியைச் சேர்க்க மாட்டார்கள். பேரம் பேசுவதை விட இந்தப் படிவங்களை நிரப்ப உதவுவது இரண்டு பேருக்கும் லாபம். வாரத்தில் மூன்று காலை என்று தொடங்கினோம்.

கையில் தருவது பற்றி: காசாக வாங்குவதில் பிழை இல்லை, மறைத்தால்தான் பிழை. மறைப்பவர்கள் வரியை மட்டும் பார்க்கிறார்கள். மோட்கேஜ் கேட்கப் போனால் வங்கி வருமான வரிக் கணக்கைக் காட்டும் எஸ்ஏ302 தாளை, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு, கேட்கும். முழு அரச பென்சனுக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிக் கணக்கு வேண்டும். காட்டாத காசுக்கு அதில் ஒரு வருடமும் ஏறாது. நான் வாங்கும் ஒவ்வொரு நூறில் இருபத்தைந்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். வரி கட்டும் கடைசி நாளான ஜனவரி 31 வரும்போது நித்திரை வரும்.

எழுத்தில் வைக்கத் தயங்கும் இன்னொன்று, ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்பது. எங்கட தொழிலில் வருமானம் ஒரே இரவில் நிற்கும். நான் வர வேண்டிய நேரத்துக்கு இருபத்துநாலு மணித்தியாலம்கூட இல்லாதபோது வர வேண்டாம் என்று மறித்தால் முழுக் காசு. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது முதல் இரண்டு கிழமைக்குப் பாதி, அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன். வேலையை நிறுத்துவதென்றால் இரண்டு பக்கமும் நாலு கிழமை முன்னறிவித்தல். மரணத்துக்கு மட்டும் எந்த முன்னறிவித்தலும் இல்லை, அன்றோடு கணக்கு முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். செத்த வீட்டில் போய்ப் பில் நீட்டும் ஆளாக இருக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த இழப்பும் 22க்குள் இருக்கிறது.

விலை கூட்டுவது ஏப்ரலில். குறைந்தபட்சச் சம்பளமும் அந்த மாதம்தான் ஏறுகிறது, 2026இல் 12.71. மார்ச் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் ஒரு கடிதம்: ஏப்ரலில் இருந்து 23 பவுண். பின்னரில் நான் பார்க்கும் முதியவரின் மகன் பெருவிரல் படம் ஒன்று அனுப்பினார். ரெயினர்ஸ் லேன் அக்கா வட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டார், நாலு நிமிசம். விலைவாசி, பிள்ளைகளின் ரியூசன், காஸ் பில் எல்லாம் சொல்லி, கடைசியில், "சரி தங்கச்சி, ஆனா வெள்ளிக்கிழமையும் வருவியளோ?" என்றார். வெள்ளி எனக்கு ஏற்கனவே வேறு வீடு. செவ்வாய் பின்னேரம் இருக்கிறது என்று பதில் போட்டேன்.