நன்றாக வளர்ந்தால்தான் சந்தேகம்

ஸ்டெம் செல் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது காலனியைப் பார்த்துத் தரம் பிரிக்கத்தான். மனித ப்ளூரிபொடென்ட் ஸ்டெம் செல்கள், அதாவது உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாக வளரும். ஓரம் தெளிவாக இருந்து, செல்கள் நெருக்கமாக அடைந்து, உட்கரு பெரிதாகத் தெரிந்தால் நல்ல காலனி. ஓரத்துச் செல்கள் சப்பையாகப் பரவியிருந்தால் அவை வேறு செல்லாக மாறத் தொடங்கிவிட்டன. சுரண்டி எறிய வேண்டியதுதான். பெங்களூரில் பல வருடங்களாக நான் செய்கிற வேலை இது. இந்தக் கண் பழக்கம் இல்லாமல் இங்கே குப்பை கொட்ட முடியாது. ஆனால் குரோமோசோம் விஷயத்தில் இதே கண் ஆளை ஏமாற்றிவிடும்.

இந்தச் செல்களுக்குத் தனிமை ஆகாது. பிளேட் நிரம்பியதும் பிரித்து வேறு பிளேட்டில் போடுவதை பாசேஜ் என்கிறோம். தனித்தனிச் செல்லாகப் பிரித்தால் பெரும்பாலானவை செத்துப்போகும். 2007இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள், ராக் என்ற நொதியைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தால் தனிச்செல்களும் பிழைக்கின்றன என்று காட்டினார்கள். அது பெரிய வசதி, மறுக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு பாசேஜிலும் ஒரு பகுதி சாகத்தான் செய்கிறது. அந்தக் கூட்டத்தில் சாகாமல் தப்பிக்கத் தெரிந்த ஒரு செல் இருந்துவிட்டால்? அதன் வாரிசுகள்தான் அடுத்த பிளேட்டில் கூடுதலாக இருக்கும், அதற்கடுத்ததில் இன்னும் கூடுதலாக.

அப்படித் தப்பிக்கும் செல்களில் திரும்பத் திரும்ப அகப்படுவது 20ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் (ஒவ்வொரு குரோமோசோமுக்கும் நீண்டதும் குட்டையுமாக இரண்டு பகுதிகள், அவற்றைக் கை என்போம்) ஒரு சின்னத் துண்டு கூடுதலாக இருப்பது. அந்தத் துண்டுக்குள் பிசிஎல்2எல்1 என்ற மரபணு இருக்கிறது. செல் தானாகச் சாவதைத் தடுக்கும் புரதத்தை அது உண்டாக்குகிறது. உலகின் 38 ஆய்வகங்களிலிருந்து 125 கருமுளை ஸ்டெம் செல் வரிசைகளை, அதாவது தனித்தனிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்துவரும் செல் வம்சங்களை, சேர்த்துச் சோதித்து 2011இல் வெளியான கூட்டாய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தத் துண்டு பெருகியிருந்தது. 1, 12, 17ஆம் குரோமோசோம்களிலும் இதுபோல வாடிக்கையாக வரும் மாற்றங்கள் உண்டு. 12, 17 பற்றி 2004லேயே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். விரைப் புற்றுநோய்ச் செல்களிலும் 12இன் குட்டைக் கை பெருகியிருப்பது வழக்கம் என்பதால் அதைப் படித்தவர்கள் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி ஒரு நாள் ஓடி வந்தாள். "அக்கா, இந்த பிளேட் என்னமா வளருது பாருங்க! செத்த செல்லே மிதக்கல. இதையே எல்லாத்துக்கும் எடுத்துக்கலாமா?"

"எத்தனாவது பாசேஜ் அது?"

"ஐம்பதைத் தாண்டிடுச்சுக்கா."

"அப்ப மொதல்ல டிஎன்ஏ எடு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. நன்றாக வளர்வதை எடுத்து வைத்துக்கொள், மெலிந்ததைத் தள்ளு என்றுதான் நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம். விதைநெல்லுக்குச் சரியான யோசனைதான் அது. இங்கே நாம் பொறுக்குவது சாகாத குணத்தை.

இதற்குத்தான் கேரியோடைப் இருக்கிறதே என்பார்கள். செல் பிரியும் நேரத்தில் அதை நிறுத்தி, குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி, பட்டை பட்டையாகத் தெரிவதை எண்ணிப் பார்க்கும் சோதனை. நல்ல சோதனைதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து மெகாபேஸுக்கு (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்) குறைவான மாற்றம் அதில் பெரும்பாலும் தெரியாது. 20இல் வரும் துண்டு பல நேரம் அதைவிடச் சிறியது. அடுத்து, வழக்கமாகப் பார்ப்பது 20 செல்கள். கூடுதல் குரோமோசோம் குறைந்தது இரண்டு செல்களில் இருந்தால்தான் அறிக்கையில் குளோன், அதாவது ஒரே மாற்றத்தோடு பெருகும் செல் கூட்டம், என்று எழுதுவார்கள். பிளேட்டில் பத்து சதவீதம் செல்கள் மாறியிருந்தாலும், கணக்குப் போட்டால் பத்தில் நான்கு தடவை சோதனை அவற்றைத் தவறவிட்டுவிடும். "நார்மல், 46 எக்ஸ்எக்ஸ்" என்று வரும் காகிதத்தைச் சிலர் சாமி படம் மாதிரி கோப்பில் வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

அப்படி ஒரு காகிதத்தோடு வேறோர் ஆய்வகத்திலிருந்து எங்களுக்கு ஐபிஎஸ் செல்கள், அதாவது வளர்ந்த மனிதரின் சாதாரணச் செல்லைப் பின்னோக்கித் திருப்பிச் செய்த ஸ்டெம் செல்கள், வந்தன. மூளை நரம்புச் செல்லாக மாற்ற வேண்டும். இரண்டு தடுப்பான்களைச் சேர்த்து நரம்பு வழிக்குத் திருப்பும் முறை 2009இலிருந்தே உலகெங்கும் புழங்குவது. வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான செல்களில், நரம்பு வழிக்குத் திரும்பியதற்கு அடையாளமான பாக்ஸ்6 புரதம், சாயமேற்றிப் பார்த்தால் பச்சையாக ஒளிரும். இவற்றிலோ திட்டுத்திட்டாக அங்கொன்றும் இங்கொன்றும்தான். செல் வளரும் திரவமான மீடியத்தை மாற்றினோம், தடுப்பான்களைப் புதிதாக வாங்கினோம், ஒப்பீட்டுக்கு 1998 காலத்துக் கருமுளை ஸ்டெம் செல் வரிசையான எச்9 செல்களைப் பக்கத்தில் வைத்துச் செய்தோம். எச்9 ஒழுங்காக மாறியது. இதயச் செல்லாக மாற்றினால் அந்த ஆய்வகத்துச் செல்களும் ஒழுங்காக மாறித் துடித்தன. அதனால்தான் குழப்பம் நீண்டது. எல்லாமே தோற்றிருந்தால் சீக்கிரம் பிடித்திருப்போம்.

கடைசியில் 20ஆம் குரோமோசோமுக்கான பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பெருக்கி அளக்கும் சோதனை, செய்ததும் விடை வந்துவிட்டது. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2019இல் எழுதியதும் இதுதான்: அந்தத் துண்டு பெருகிய செல்கள் நரம்பு வழிக்குப் போகத் தடுமாறும், கருவின் மூன்று செல் அடுக்குகளில் மற்ற இரண்டுக்கும் சாதாரணமாகப் போகும். செல்களை அனுப்பியவர்களிடம் சொன்னோம். "எங்க காகிதம் நார்மல்னுதானே சொல்லுது?" என்று பதில் வந்தது. காகிதம் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மைதான்.

நோயாளியின் உடம்புக்குள் போகும் செல் என்றால் நிலைமை இன்னும் கடுமை. 2014இல் ஜப்பானின் கோபே நகரில் ஒரு பெண்மணிக்கு அவருடைய தோல் செல்லிலிருந்தே ஐபிஎஸ் செல் செய்து, விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறமிச் செல்லடுக்காக்கிப் பொருத்தினார்கள். உலகில் அதுவே முதல் தடவை. இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் தயாராகின. ஆனால் அவற்றில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் பொருத்தாமல் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு உழைப்புக்குப் பிறகு நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் மரியாதை வரவைத்த முடிவு அது.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் செய்வது புதுமையானது ஒன்றுமில்லை. குறைந்த பாசேஜிலேயே நிறையச் சின்னக் குப்பிகளை லிக்விட் நைட்ரஜனில் உறைய வைக்கிறோம். ஒரு குப்பியை எடுத்தால் பத்துப் பாசேஜ் ஓட்டிவிட்டுத் தூக்கி எறிந்து புதியதை எடுக்கிறோம். தனிச்செல்லாகப் பிரிப்பது தேவைப்பட்டால் மட்டும். மற்றபடி செல்களின் பிடியைத் தளர்த்தும் ஈடிடிஏ ஊற்றிக் கொத்தாகத்தான். இதனால் வேலை மெதுவாகிறது, குப்பி செலவாகிறது, ஆராய்ச்சி மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வருட உதவித்தொகை, அவசரம் புரிகிறது. வெளியிலிருந்து செல் வந்தால் பாசேஜ் எண் என்ன, எப்படிப் பிரித்தீர்கள், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குகிறேன். காகிதம் எப்படியிருந்தாலும் முதலில் தனி இன்குபேட்டர், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றுக்கான சோதனை, 20ஆம் குரோமோசோமுக்கு ஒரு பிசிஆர். அதன் முடிவு வரும்வரை அந்தச் செல்லை வைத்து யாரும் எதையும் மாற்றிப் பார்க்கக்கூடாது. திருநெல்வேலிக்காரிதான் இப்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறாள், என்னைவிடக் கறார்.